கழுத்தக்கா

"முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க… இன்னும் கொஞ்சம்… சுவரைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க."

ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்திலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்தபடியே அண்ணி இதைச் சொல்வாள். ஸ்கேன் அறை ஜெல் என்றாலே சுள்ளென்று குளிரும் என்பது ஊரறிந்த விஷயம். அண்ணியின் அறையில் அந்தப் பேச்சே கிடையாது. காலையில் வந்ததும் கைப்பையைக் கழற்றுவதற்கு முன்பே கெட்டில் கொதிக்கும், பாட்டில் கிண்ணத்தில் இறங்கும். நோயாளிமேல் எவ்வளவு கரிசனம் என்று நான் ஒருமுறை நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன். "கரிசனமும் இல்ல கத்திரிக்காயும் இல்ல தம்பி. சில்லுனு பட்டா மனுஷன் தோளைத் தூக்கிடுவான். தோளைத் தூக்கினா கழுத்து உள்ள போயிடும். அப்புறம் நான் எதைப் பார்க்கிறது?" என்றாள். என் நெகிழ்ச்சி வீண்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கழுத்தக்கா என்று பெயர். வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் ஏறுகிற குழாய் இருக்கிறது. அதன் உள்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டால் ஆபத்து. படிந்ததில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய்விட்டால் வாய் கோணும், கை விழும், பேச்சு போகும். அப்படி ஆனபிறகு ஓடிவருவதற்கு ஒரு பட்டாளமே உண்டு. ஆவதற்கு முன்னால் உள்ளே எட்டிப்பார்த்துப் படம் எடுப்பது அண்ணியின் வேலை. நோயாளிகள் அவளை டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க, படம் பிடிக்கிறவ" என்று உடனே திருத்துவாள். யாராவது மறுபடி டாக்டரம்மா என்றால் மறுபடி திருத்துவாள். இதில் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை.

உலகத்து மனிதர்களை அவள் இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறாள்: நீளக் கழுத்து, குட்டைக் கழுத்து. குட்டைக் கழுத்துக்காரர் ஒருவர் காலையில் வந்துவிட்டால் அன்று முழுக்கத் தோள் வலி. கருவியை அழுத்திப் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது தோள் எப்போதோ கெட்டுவிட்டது. சாயங்காலம் அதில் தைலம் தேய்ப்பது அண்ணனின் வேலை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தேய்ப்பான். கடைக்குப் போனால் வரிசையில் முன்னால் நிற்பவரின் கழுத்தைப் பார்ப்பாள். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. காலருக்கு மேலே நாடி எப்படித் துடிக்கிறது என்று தெரியும். "அண்ணி, எங்க அண்ணன்கிட்ட என்னத்தைக் கண்டு கல்யாணத்துக்குச் சம்மதிச்சீங்க?" என்று நான் கேட்டதுண்டு. "கழுத்தைத்தான். வேற என்ன இருந்துச்சு அந்த ஆளுகிட்ட?" என்றாள் அண்ணனை வைத்துக்கொண்டே. அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம். நோயாளி பேசக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது, அசையக்கூடாது. ஆனால் அவள் பேசுவாள். அன்று என்ன சமையல், குழாயில் தண்ணீர் எப்படிச் சொட்டுகிறது, பக்கத்து அறைக்காரி ஏ.சி.யை எப்படிக் கூட்டி வைக்கிறாள் என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டே போவாள். அந்த அறை இருட்டாக இருக்கும், திரை வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் அடிக்கும். படுத்திருப்பவர்கள் சுவரைப் பார்க்கச் சொன்னாலும் ஓரக்கண்ணால் அந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஏதாவது தெரிகிறதா என்று துழாவுகிறார்கள். ஒன்றும் தெரியாது. உள்ளே குழாய் பளிங்கு மாதிரி இருந்தாலும் சரி, ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தாலும் சரி, சமையல் பேச்சு ஒரே சுருதியில் போகும். கடைசியில், "எப்படீங்க இருக்கு?" என்று கேட்டால், "டாக்டர் சொல்லுவாங்க" என்று துண்டை நீட்டுவாள். துடைத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"இப்படிக் கல்லு மாதிரி எப்படி அண்ணி இருக்கீங்க?"

"என் மூஞ்சி மாறினா அவங்களுக்கு பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா உள்ள ரத்தம் தாறுமாறா ஓடும். நான் எடுக்கிற படம் பொய்யாயிடும். எனக்கு எதுக்கு வம்பு?"

ஒரு விடுமுறை நாளில், மெஷினுக்கு ஏதோ சோதனை ஓட்டம் என்று, என்னைப் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்த்தாள். கருவியை வைத்ததும் அறை முழுக்க ஷ்வூ, ஷ்வூ என்று ஒரு சத்தம். என் ரத்தம்தான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. காதுக்கு முன்னால் பொட்டில் விரலால் டொக் டொக்கென்று தட்டினாள். திரையில் அலை நடுங்கியது. "மேல போனதும் குழாய் ரெண்டாப் பிரியும். ஒண்ணு மூஞ்சிக்குப் போறது, ஒண்ணு மூளைக்குப் போறது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும், உன்னையும் உங்க அண்ணனையும் மாதிரி. யாரு எவருன்னு தெரியாது. இங்க தட்டினா மூஞ்சிக்காரன் மட்டும் ஆடுவான். மத்தவன் ஆடமாட்டான்."

"நான் எது?"

"நீ மூஞ்சிதான். உனக்கு எங்க மூளை?"

பிறகு திரையில், குழாய்க்கு நடுவே, ஒரு சின்னக் கோட்டை நகர்த்தி வைத்தாள். இந்தக் கோட்டில்தான் வேலையின் உயிரே இருக்கிறது. குழாயின் சுவர் எந்தப் போக்கில் போகிறதோ அதே போக்கில் கோடும் படுத்திருக்கவேண்டும். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மெஷினுக்கு அந்தக் கோடு சொன்னால்தான் உண்டு. அதை வைத்துத்தான் அது வேகத்தைக் கணக்குப் போடும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் பீச்சி அடிக்குமே, அதைப்போல, வழி குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். எவ்வளவு வேகமோ அவ்வளவு அடைப்பு. "மெஷின் அப்பாவி தம்பி. நான் இப்படித்தான் ஓடுதுன்னு கோடு போட்டா, ஆமாங்கும். லேசா ஒரு பக்கம் சாய்ச்சுட்டேன்னா இருக்கிற வேகத்தைக் குறைச்சுச் சொல்லிடும்" என்றாள். கேட்டுக்கொண்டேன். எனக்கெதற்கு அந்தக் கவலை என்றுதான் அப்போது தோன்றியது.

அந்தக் கவலை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சாப்பாட்டு நேரத்தில்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங்கைப் பிடிக்காத நேரத்தில் வாயைப் பிடிக்க ஆளில்லை. அன்று மதியம் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, பெரிய நகைச்சுவை மாதிரி ஒன்றைச் சொன்னான். "காலையில ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கேன், இந்த இடது கண்ணுல கடை ஷட்டர் இறங்குற மாதிரி கருப்பா ஒண்ணு மேலேருந்து இறங்குது. கண்ணாடியில என் பாதி மூஞ்சியைக் காணோம். சரி, மீதியை எப்படிச் செரைக்கிறதுன்னு யோசிக்கிறேன், அதுக்குள்ள ஷட்டர் தானா மேல போயிடுச்சு." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு கரண்டி போடட்டுமா?" என்று கேட்டுப் போட்டாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அது கண்ணு இல்ல தம்பி. கழுத்து. இடது கழுத்துலேருந்து துணுக்கு ஏதோ போயிருக்கு. கண்ணுக்குப் போனதால தப்பிச்சாரு. அடுத்தது மூளைக்குப் போனா அந்தப் பக்கம்தான் பேச்சு இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஆளு பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல."

அண்ணன் லேசில் மசிகிற ஆளா? கண் இருட்டியது என்று வெளியே தெரிந்தால் டிப்போவில் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. "வெளியாள் எவனும் என் கழுத்துல கை வைக்கக்கூடாது. நீ வேணா பாரு" என்று அடம்பிடித்தான். அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சொந்த மனிதர்களைத் தானே பார்க்கக்கூடாது. அண்ணி அதை மீறினாள். மறுநாள் மதிய இடைவேளையில் அவனை அந்த இருட்டு அறையில் படுக்கவைத்து, வெந்நீரில் சூடான ஜெல்லைத் தடவி, தானே எடுத்தாள். படங்களைத் துறையின் டாக்டரம்மா பார்த்தார். பாதி அடைப்புதான், இப்போதைக்கு மாத்திரை போதும், கொஞ்ச நாளைக்கு வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம் என்றார். அண்ணன் காதில் மாத்திரை மட்டும் விழுந்தது. "திடுதிப்புனு லீவு கேட்டா ஏன் எதுக்குன்னு குடைவாங்க. இந்த வாரம் போகட்டும்" என்று மறுநாள் காலை கிளம்பிவிட்டான். அண்ணி சண்டை போட்டுப் பார்த்தாள். ஆனால் பாதிதான் என்ற அந்தச் சொல் அவளையும் கொஞ்சம் தளர்த்தியிருந்தது. வாசல்வரை வந்து, "மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று அவளுடைய மேசையில் முதலில் படுத்தது ஒரு குட்டைக் கழுத்துக்காரர். இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே திரையில் கோட்டை நகர்த்தியிருக்கிறாள். சுவரோடு சேர்த்துப் படுக்கவைக்க அதை நன்றாகத் திருப்பவேண்டியிருந்தது. அப்போது கை நின்றுவிட்டது. நேற்று இவ்வளவு திருப்பினேனா? திருப்பவில்லை. கைக்குத் தெரிகிறது, திருப்பவில்லை. அந்த மனிதரைப் பாதியில் விடாமல், மீதிச் சமையலையும் சொல்லி, இரண்டு பக்கமும் எடுத்து முடித்து, துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அண்ணனின் படங்களைத் திறந்திருக்கிறாள். குழாய் ஒரு பக்கம் ஏறிப் போகிறது. கோடு அதோடு ஏறாமல், வேகத்தைக் குறைத்துக் காட்டுகிற பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. எடுத்த படம் அத்தனையிலும்.

"கை நடுங்கலை தம்பி. நடுங்கியிருந்தா ஒரு படத்துல அப்படி, ஒரு படத்துல இப்படின்னு இருக்கும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி சாய்ச்சிருக்கேன். கம்மியா இருக்கணும்னு மனசு நினைச்சுது, கை செஞ்சுடுச்சு. எனக்கே தெரியாம!"

நேராக டாக்டரம்மாவிடம் போய், "நேத்து நான் எடுத்தது தப்பு மேடம்" என்றாளாம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நானும்தானே பார்த்தேன்? எனக்கும் கண்ணுல படலையே கழுத்தக்கா. சரி, முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். இதைக் கேட்டபோது எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது, பின்னால் போய்விட்டது. அன்று இதையெல்லாம் எனக்குச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அண்ணி எனக்கு போன் செய்தாள். "தம்பி, ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வா. ஏன்னு கேட்காதே, வா."

நாங்கள் போனபோது நிலையத்தில் அண்ணனின் பஸ் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. இருக்கையெல்லாம் ஆட்கள். ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே அண்ணி படியேறி ஸ்டியரிங் பக்கத்தில் போய் நின்றாள், பின்னாலேயே நானும். அண்ணன் என்னை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"என்ன இது, ஜோடியா வந்து நிக்கிறீங்க?"

"இறங்குங்க."

"வண்டி எடுக்கிற நேரம்மா. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வர்றவரைக்கும் உங்களுக்குப் பேச்சு இருக்குமான்னு எனக்குத் தெரியலை. இறங்குங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நேத்து நான் தப்பா எடுத்துட்டேங்க. உங்களுக்குன்னு வந்ததும் என் கை பொய் சொல்லிடுச்சு. பின்னால இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. பாருங்க" என்றாள்.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தான். முன் இருக்கைக்காரர் ஒருவர் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிழுந்துகொண்டிருந்தார். அண்ணன் என்ஜினை அணைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினான். அவனுக்கு அதற்குள்ளாகவே பேச்சு போய்விட்டதோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நானும் இறங்கினேன். ஸ்கூட்டரைப் பார்த்ததும், "மூணு பேரு இதுல எப்படிடா போறது, அறிவு இருக்கா?" என்றான். அப்பாடா என்றிருந்தது. ஆட்டோ பிடித்தோம்.

இந்தமுறை எடுத்தது பக்கத்து அறைக்காரி, அந்த ஏ.சி. சண்டைக்காரி. அண்ணி மற்ற குடும்பங்கள் உட்காரும் பெஞ்சில், கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். அண்ணி எழுந்து போய் அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் தன் முகத்தில் துழாவியதைப்போலத் துழாவினாள். அவளும் அதே தொழில்காரியாயிற்றே, முகத்தில் ஒன்றையும் காணோம். "டாக்டர் சொல்லுவாங்கக்கா" என்றாள்.

"ஏண்டி, என்கிட்டயேவா?"

"உங்ககிட்டதான் மொதல்ல" என்றவள், அண்ணியின் கையை மட்டும் அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அந்த வாரமே குழாயைத் திறந்து சுத்தம் செய்வதென்று முடிவானது.

இந்த ஆபரேஷனை அங்கே ஆளை மயக்காமல் செய்கிறார்கள். கழுத்தை மட்டும் ஊசிபோட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, குழாயைக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டு, உள்ளே படிந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். கிடுக்கி போட்டிருக்கும் நேரமெல்லாம் அந்தப் பக்கம் அந்த வழியாக மூளைக்கு ரத்தம் போகாது. மற்றக் குழாய்கள் ஈடுகொடுக்கின்றனவா என்று தெரிய ஒரே வழி, ஆளைப் பேசவைத்துக்கொண்டே இருப்பது. வலது கையில் அமுக்கினால் கீச்சென்று கத்துகிற ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். சொன்னபோது அமுக்கவேண்டும். அண்ணிக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனாலும் கூட வேலை செய்கிறவள் என்பதால் தியேட்டர் கதவை ஒட்டிய உள்வராந்தாவில் எங்களை உட்காரவிட்டார்கள். நர்ஸின் குரலும் அண்ணன் குரலும் கதவுக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டன.

"அண்ணே, என்ன பேசலாம்? உங்க பஸ் ரூட்டைச் சொல்லுங்களேன். ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லுங்க."

கேட்கவா வேண்டும்? ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கதை. மார்க்கெட்டில் ஏறுகிறவர்கள் கூடையோடு ஏறுவார்கள், பள்ளிக்கூடத்தில் எவனும் வரிசையில் வரமாட்டான், பெட்ரோல் பங்க் திருப்பத்தில் லாரிக்காரனுக்குக் கண்ணே கிடையாது. நடுநடுவே "அமுக்குங்க" என்று நர்ஸின் குரல், உடனே கீச். ஒவ்வொரு கீச்சுக்கும் பக்கத்தில் அண்ணியின் வலது கை மடியில் இறுகி, விரிந்தது. கிடுக்கி போட்டாச்சு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அண்ணி என்னிடம் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நாளைக்கு அவருக்கு உப்பு கம்மியா…" என்று சொல்லிக்கொண்டே போனாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"பெட்ரோல் பங்க் தாண்டினா பழைய சினிமா தியேட்டர். அங்க இறங்குறவங்க யாரும் இல்ல. அடுத்தது பாலம்" என்றான் அண்ணன். அதோடு நின்றுவிட்டான்.

அண்ணியின் பேச்சும் நின்றது.

"பாலத்துக்கு அப்புறம் என்ன அண்ணே?"

பதில் இல்லை.

"அண்ணே? பாலத்துக்கு அப்புறம்?"

எதுவுமே கேட்கவில்லை. என் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது என்று நான் நினைத்தேன். அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. யாரோ பாத்திரத்தில் எதையோ அவசரமாக வைக்கும் சத்தம். "அமுக்குங்க அண்ணே, அமுக்குங்க!"

கீச்.

பிறகு அண்ணன் குரல், அலுத்துக்கொண்டு: "இரும்மா. பாலத்துல எப்பவும் டிராஃபிக். நின்னுதான் போகணும்."

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டாக்டரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அண்ணி குனிந்தாள். காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். எழுந்து நின்று, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் மனிதனை நோக்கி அதை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்து, அந்தச் செருப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.